நாற்பதைத் தாண்டிய கம்பும் கராத்தேயும்: முழங்கால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலம்பக் களத்திலும் கராத்தே வகுப்பிலும் நாற்பது வயதைக் கடந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் 3-ஆம் கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. வயசு 46 ஆகுது. இருபது வருஷமா பிராக்டிஸ் பண்றேன். இப்போ முட்டி வலிக்குது. நிறுத்திடணுமா?

பெரும்பாலும் வேண்டாம். நிறுத்தினால் முதல் இரண்டு வாரம் வலி குறையும். அதற்குள் தொடைத் தசை இளைத்துவிடும். மறுபடி களத்தில் இறங்கும்போது அதே முட்டி முன்பைவிடப் பலவீனமான தசையோடு அதே சுமையைத் தாங்க வேண்டிவரும். "ரெஸ்ட் எடுத்தேன், திரும்ப வந்ததும் முதல் நாளே வலிச்சுது" என்று சொல்பவர்களுக்கு நடந்தது இதுதான்.

முப்பதுக்குப் பிறகு, தனியாகப் பலப்பயிற்சி செய்யாதவர்களுக்குத் தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறையும். அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகமாகக் குறையும். ஆனால் நிற்கும் நிலையின் ஆழமும், ஒரு வகுப்பில் உதைக்கும் எண்ணிக்கையும் இருபத்தைந்து வயதில் பழகியபடியே இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே விழும் பள்ளம்தான் பெரும்பாலான நாட்பட்ட வலிக்குக் காரணம். சுமையைக் கொஞ்ச நாள் குறைத்து, அதற்குள் தசையை ஏற்றினால் பள்ளம் மூடும். திடீரென்று அடிபட்டு வந்த வலி வேறு கதை. அதற்கு அடுத்த இரண்டு பதில்களைப் பாருங்கள்.

2. ஜவ்வுன்னா என்ன? எங்க வலிச்சா எது?

ஊரில் "ஜவ்வு" என்று இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறார்கள். ஒன்று, எலும்பையும் எலும்பையும் கட்டும் தசைநார். முன் குறுக்கு நார் (ஏ.சி.எல்.), பின் குறுக்கு நார், உள்பக்க நார், வெளிப்பக்க நார் என்று நான்கு உண்டு. இன்னொன்று, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்து. அது உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யார் சொன்னாலும் எது, எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வலிக்கும் இடம் கொஞ்சம் துப்பு தரும். மூட்டு மடியும் கோட்டிலேயே உள்பக்கம் வலித்து, குந்தித் திரும்பும்போது கூடினால் மெனிஸ்கஸாக இருக்கலாம். படி இறங்கும்போதும், குதிரை நிலையில் நிற்கும்போதும், சினிமா பார்த்து எழும்போதும் முன்பக்கம் மந்தமாக வலித்தால் முட்டிச்சில்லு. சில்லுக்குக் கீழே ஒற்றை விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி, குதித்தாலும் எட்டி உதைத்தாலும் கூடுகிற வலி என்றால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் (தசையை எலும்போடு கட்டுவது). மூட்டுக் கோட்டுக்கு உள்பக்கம் இரண்டு மூன்று விரல் கீழே தொட்டால் வலிப்பது பெரும்பாலும் அங்கே உள்ள நீர்ப்பையின் வீக்கம். அது பயப்படும் விஷயமில்லை.

3. எப்போ உடனே டாக்டர்கிட்ட ஓடணும்?

அடிபட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்துபோல வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். ஏ.சி.எல். அறுவது, சில்லு விலகுவது, எலும்பு விரிசல் ஆகிய மூன்றும் இப்படித்தான் வரும். மறுநாள் காலையில் மெதுவாக வீங்குவது பொதுவாக மெனிஸ்கஸ். அதற்கு அவ்வளவு அவசரமில்லை.

எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒட்டாவா விதி நமக்கும் உதவும். அடிபட்டவரின் வயது 55 அல்லது அதற்கு மேல், முட்டிச்சில்லை மட்டும் தொட்டால் வலி, முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே உள்ள சிற்றெலும்பின் தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்டவுடனும் பிறகும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாமை. இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலே அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்.

இவை தவிர, தள்ளிப்போடவே கூடாத நான்கு உண்டு. முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியவில்லை என்றால் கிழிந்த குருத்து நடுவே சிக்கியிருக்கலாம். படுத்தபடி காலை நேராகத் தூக்கவே முடியவில்லை என்றால் தசைநாண் முழுக்க அறுந்திருக்கலாம். நாற்பதுக்கு மேல் சில்லுக்கு மேலே உள்ள நாண் அறுவது அதிகம், தைக்கும் நாள் தள்ளத் தள்ளச் சிக்கல் கூடும். அடிபடாமலே முட்டி சிவந்து கொதித்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி அழுத்தினால் வலித்தால் ரத்தக்குழாய் அடைப்பா என்று பார்த்தாக வேண்டும்.

4. அடிபட்ட அன்னைக்கு ஐஸா, வெந்நீரா?

முதல் மூன்று நாள் ஐஸ். துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து முறை. ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். கிழிந்ததை ஒட்ட வைக்காது. அதைவிட வேலை செய்வது அழுத்தக் கட்டும் உயர்த்தி வைப்பதும்தான். 15 சென்டிமீட்டர் அகல கிரேப் பேண்டேஜை முட்டிக்கு ஒரு சாண் கீழிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். கால்விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துத் தளர்த்துங்கள். படுக்கும்போது கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். முட்டியின் கீழ் தலையணை வைத்து மடக்கியே வைப்பது சுகமாக இருக்கும், ஆனால் அதுதான் பின்னால் நீட்ட முடியாமல் செய்கிறது. தலையணையைக் குதிகாலுக்குக் கீழே கொடுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் பழைய வலிக்கும் காலை விறைப்புக்கும் நல்லது. நொண்டுகிறீர்கள் என்றால் கைத்தடி பிடியுங்கள், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில். கம்பு வைத்திருப்பவர்களுக்குக் கைத்தடிக்குக் கூச்சப்பட என்ன இருக்கிறது?

5. ஆசான் தைலம் போட்டு நீவி விடுறேங்கிறார். விடலாமா?

வீக்கம் வடிந்தபின் தொடையிலும் கெண்டையிலும் இதமாக எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. தசை தளரும், அன்று பயிற்சி செய்யச் சுலபமாக இருக்கும். முதல் 72 மணி நேரத்தில் அழுத்தி நீவினால் ரத்தக்கசிவு கூடும்.

மூன்று இடத்தில் மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். மாட்டிக்கொண்ட முட்டியை இழுத்து "எடுத்து விட", வீங்கி வலிக்கும் கெண்டைக்காலை உருவ, எக்ஸ்ரே எடுக்காமல் மூங்கில் பத்தை வைத்து வாரக்கணக்கில் இறுக்கிக் கட்ட. முதலாவது கிழிசலைப் பெரிதாக்கும். இரண்டாவதில் ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மூன்றாவதில் தசை கரைந்து மூட்டு இறுகிவிடும்.

6. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடலாமா, மனசுக்கு நிம்மதியா இருக்கும்?

நிம்மதி போவதற்கும் வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரை உள்ள 991 பேரின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவில், 35 சதவீதத்தினருக்கு மெனிஸ்கஸ் கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. அப்படி இருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய மாதம் வலியே இல்லை. ஐம்பதுக்கு மேல் ஸ்கேனில் கிழிசல் தெரிவது தலையில் நரை தெரிவது மாதிரி.

3-ஆம் பதிலில் சொன்ன அறிகுறி இருந்தால், முட்டி விட்டுவிட்டு மடிந்து சரிந்தால், அல்லது ஒழுங்காக மூன்று மாதம் பயிற்சி செய்தும் மாற்றமில்லை என்றால் எடுக்கலாம். வெறும் வலிக்கு முதலில் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே போதும். படுக்கவைத்து எடுத்தால் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது சரியாகத் தெரியாது. "நிற்க வைத்து" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

7. ரிப்போர்ட்ல "மெனிஸ்கஸ் கிரேடு 2"ன்னு போட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்க.

கிரேடு 1, 2 என்றால் குருத்துக்குள்ளே நிறம் மாறியிருக்கிறது, மேற்பரப்பு வரை கிழியவில்லை. அதற்கு ஆபரேஷன் கிடையாது. இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். கிரேடு 3-தான் உண்மையான கிழிசல்.

கிரேடு 3 என்றாலும், வயதாகித் தேய்ந்து கிழிந்ததா, ஒரு குறிப்பிட்ட அடியில் கிழிந்ததா என்பது முக்கியம். தேய்ந்து கிழிந்ததற்குத் துளை போட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பியால் பெரிய பயனில்லை. பின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையுள்ள 146 பேரில் பாதிப் பேருக்குக் குருத்தை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்குத் துளை போட்டுப் பார்த்ததோடு விட்டுவிட்டு, வெட்டியதுபோலப் பாவனை செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசமில்லை (2013). வெட்டி எடுத்த குருத்து திரும்ப வளராது. அதன் பங்குச் சுமையும் எலும்பின் மேல் விழும்.

மாட்டிக்கொள்ளும் முட்டியும், புதிதாக வெளி ஓரத்தில் விழுந்த கிழிசலும் விதிவிலக்கு. பெரியவர்களுக்கு மெனிஸ்கஸின் வெளி ஓரத்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைத்தால் ஒட்டும். மருத்துவர் "வெட்டி எடுக்கலாம்" என்றால் "தைக்க முடியாதா?" என்று ஒரு தரம் கேளுங்கள்.

8. குமிதேல ஏ.சி.எல். போயிடுச்சு. 50 வயசுல ஆபரேஷன் வேணுமா?

வயது மட்டும் முடிவு செய்யாது. முட்டி நழுவுகிறதா என்பதுதான் கேள்வி. ஏ.சி.எல். இல்லாமல் நேராக நடக்கலாம், படி ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஊன்றிய காலில் திடீரென்று திரும்பும்போதுதான் அது தேவை. ஆக, சண்டைப் பயிற்சியை (குமிதே) விட்டுவிட்டு கட்டாவும் (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) கம்பும் மட்டும் போதும் என்பவர் மூன்று மாதம் கடுமையான தசைப் பயிற்சி செய்து பார்க்கலாம். ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வில், முதலில் பயிற்சி என்று ஆரம்பித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஐந்தாண்டு கழித்தும் ஆபரேஷன் தேவைப்படவில்லை.

பயிற்சிக்குப் பிறகும் மாதத்துக்கு ஒருமுறை முட்டி விட்டுக்கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு நழுவலிலும் மெனிஸ்கஸ் அடிவாங்குகிறது.

9. வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்? எத்தனை தடவை?

மூன்று கட்டமாகச் செய்யுங்கள். வாரக்கணக்கைவிட முட்டியின் நிலையைப் பார்த்து அடுத்த கட்டத்துக்கு நகருங்கள்.

முதல் கட்டம், வீக்கம் இருக்கும்வரை. காலை நீட்டிப் படுத்து, குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்துங்கள். 5 விநாடி பிடித்து விடுவது, 10 தடவை, நாளுக்கு நான்கு முறை. அடுத்து, மற்றக் காலை மடக்கி வைத்து, வலிக்கும் காலை விறைப்பாக ஒரு அடி உயரம் தூக்கி 5 விநாடி, 10 தடவை, மூன்று சுற்று. பிறகு குதிகாலைத் தரையில் தேய்த்தபடி வலி தொடங்கும் இடம்வரை மடக்கி நீட்டுவது. மடக்குவதைவிட முழுக்க நீட்டுவதற்கு முதலிடம் கொடுங்கள். மூட்டில் கொஞ்சம் நீர் கோத்தாலே உள்பக்கத் தொடைத் தசைக்குப் போகும் நரம்பு ஆணை மங்கிவிடும். ஐந்து டிகிரி நீட்டாமல் விட்டாலும் நடை நொண்டும், சில்லின் மேல் அழுத்தம் கூடும்.

இரண்டாம் கட்டம், வீக்கம் வடிந்து நொண்டாமல் நடக்கும்போது. 45 சென்டிமீட்டர் உயர நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள், தொப்பென்று விழாதீர்கள். 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது அதே கணக்கு. 10 சென்டிமீட்டர் பலகையில் ஏறி இறங்குவது, பழகியபின் 20 சென்டிமீட்டர் வீட்டுப் படியில். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது, 20 வரை. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று நாள்.

மூன்றாம் கட்டத்தில்தான் முட்டி உண்மையில் பலமாகும். பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பே, மூன்றாவது வாரம் வலி போனதும் விட்டுவிடுகிறார்கள். முதுகுப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு நாற்காலிப் பயிற்சி. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நேராக இறங்கி எழுவது. டைல்ஸ் தரையில் குதிகாலுக்குக் கீழே துணியைப் போட்டு, இடுப்பைத் தூக்கிய நிலையில் கால்களை மெல்ல நீட்டி இழுப்பது. இந்தக் கடைசிப் பயிற்சி பின்தொடையைப் பலப்படுத்தும், உதைப்பவர்களுக்கு அது ஏன் தேவை என்பது 12-ஆம் பதிலில். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு எண்ணிக்கை கஷ்டமாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நாள் 12-ம் சுலபமாக வந்தால் 2 கிலோ ஏற்றுங்கள். குறைந்தது 12 வாரம் தொடருங்கள்.

சில்லுக்குக் கீழ் நாண் வலிப்பவர்கள் முதலில் அசையாத பயிற்சியில் தொடங்கலாம். சுவரில் முதுகு சாய்த்து, முட்டி 60 டிகிரி மடிந்த நிலையில் 45 விநாடி, இரண்டு நிமிட ஓய்வு விட்டு ஐந்து தடவை.

எல்லாப் பயிற்சியிலும் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வரும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயும். கண்ணாடி முன் நின்று, முட்டிச்சில்லு காலின் இரண்டாவது விரலுக்கு நேரே போகிறதா என்று பாருங்கள்.

10. பயிற்சி செய்யும்போதே வலிக்குது. நிறுத்தணுமா, பல்லைக் கடிக்கணுமா?

பத்துக்கு எத்தனை என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை பரவாயில்லை. நான்கு, ஐந்து என்றால் ஆழத்தைக் குறையுங்கள். அதற்கு மேல் நிறுத்துங்கள். அன்றைய வலியைவிட மறுநாள் காலையைத்தான் அதிகம் நம்ப வேண்டும். 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வராவிட்டால் அடுத்த முறை எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

வலியைவிட வீக்கம் நம்பகமானது. காலை நீட்டி, தொடையைத் தளரவிட்டு உட்காருங்கள். முட்டிச்சில்லின் உள்பக்கப் பள்ளத்தை உள்ளங்கையால் தொடையை நோக்கி இரண்டு மூன்று முறை வழியுங்கள். உடனே சில்லின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வழியுங்கள். உள்பக்கப் பள்ளத்தில் அலைபோல நீர் திரும்பி வந்து மேடிட்டால் மூட்டில் நீர் இருக்கிறது. அன்று குதிப்பதும் உதைப்பதும் வேண்டாம், முதல் கட்டப் பயிற்சியோடு நிறுத்துங்கள்.

11. கிபா டாச்சியில இன்னும் கீழ இறங்குங்கறார் மாஸ்டர். இறங்கினா முட்டி கத்துது.

கிபா டாச்சியில் (குதிரை நிலை) பாதங்கள் நேர் முன்னே பார்க்க, முட்டிகள் வெளியே தள்ளப்படுகின்றன. இதற்குத் தேவையான சுழற்சி இடுப்பு மூட்டில் இருந்து வர வேண்டும். வயதாக ஆக இடுப்பு இறுகும், குறைகிற அந்தச் சுழற்சியை முட்டி முறுக்கிக்கொண்டு ஈடுகட்டும். முட்டி ஒரு கதவுக்கீல் போன்றது, மடங்குவதற்கு அமைந்தது, முறுக்குவதற்கு அல்ல. பாதத்தை 45 டிகிரி வெளியே திருப்பி நிற்கும் ஷிகோ டாச்சி பலருக்கும் வலியில்லாமல் வரும். கோஜு ரியூ என்ற கராத்தே பிரிவில் அது வழக்கமான நிலைதான், ஏமாற்று வேலை இல்லை.

அப்படி மாற்ற அனுமதி இல்லாத பள்ளியில் ஒரு கை அகலம் உயர்ந்து நில்லுங்கள். இரண்டு நிமிடம் ஒரேயடியாக நிற்பதற்குப் பதில் 30 விநாடியாக நான்கு முறை நில்லுங்கள். சென்குட்சு டாச்சியில் (முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்பது) முன்காலின் முட்டி விரல் நுனியைத் தாண்டாமலும், உள்ளே சாயாமலும் பாருங்கள். பின்காலின் குதியை நிலையில் பதித்துவிட்டு இடுப்பைத் திருப்புகிறவர்களுக்குப் பின்முட்டியில் வலி வரும். குதியும் இடுப்போடு சேர்ந்து திரும்பட்டும்.

மாஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், வரிசையில் நின்று முனகாதீர்கள். "மூணு மாசம் உயர நிலையில செய்யறேன், தசை வந்ததும் இறங்கறேன்" என்றால் ஏற்றுக்கொள்ளாதவர் குறைவு.

12. உதைக்கிற கால் நல்லா இருக்கு, நிக்கிற கால்தான் வலிக்குது. ஏன்?

மவாஷி கெரி (சுழல் உதை) உதைக்கும்போது ஊன்றிய பாதம் சுழலவில்லை. அடி விழும் நொடியில் ஊன்றிய காலின் குதிகால் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முழு முறுக்கலும் முட்டிக்குள் போகும், உள்பக்க மெனிஸ்கஸ் நசுங்கும். வியர்வையோடு வெறுங்காலில் நுரை மேட் மேல் நின்றால் ஒட்டல் இன்னும் அதிகம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தூக்கு, பாதத்தைச் சுழற்று, அப்புறம் நீட்டு என்று மூன்றாகப் பிரித்து, பக்கத்துக்கு 10 தடவை மெதுவாகப் பழகுங்கள். சுழற்றாமல் உதைக்கும் பழக்கம் தொற்றிவிட்டால் உயரத்தை இடுப்புக்கு இறக்குங்கள்.

உதைக்கும் காலில் "சுளீர்" என்று பின்பக்கம் இழுத்தால் அது காற்றில் உதைப்பதால். பேடில் பட்டால் பேட் காலை நிறுத்தும். காற்றில் பின்தொடைத் தசைதான் நிறுத்த வேண்டும். தசை தளர்ந்தவருக்கு மூட்டு தன் எல்லையில் போய் மோதி நிற்கிறது. காற்றில் உதைக்கும்போது முழு நீட்டலுக்கு 10 டிகிரி முன்பே நிறுத்தப் பழகுங்கள், 9-இல் சொன்ன துணிப் பயிற்சியைச் சேருங்கள்.

13. சிலம்பத்துல காலடி வைக்கும்போது சுத்தினா வலிக்குது. தரை பிரச்சினையா?

பாதி தரை, பாதி பழக்கம். இறுகிய மண் தரையில் பாதம் தேவையான அளவு வழுக்கிச் சுழலும். மொட்டை மாடி சிமெண்டில் ரப்பர் ஷூ போட்டுச் சுற்றுவதுதான் மிக மோசம், பாதம் பிடித்துக்கொள்ளும். வெறுங்காலோடு சிமெண்டில் என்றால் சுழலலாம், குதிக்கக் கூடாது. தளர்ந்த மணலில் கணுக்கால் புரளும்.

பழக்கத்தில் கவனிக்க வேண்டியது உட்கார்ந்து வீசிவிட்டு எழும் இடம். மடங்கிய முட்டி, அதன் மேல் உடல் எடை, கூடவே திருப்பம். மெனிஸ்கஸ் கிழிய இந்த மூன்றும்தான் வேண்டும். எழுந்தபின் திரும்புங்கள், திரும்பிக்கொண்டே எழாதீர்கள். வேகம் அரை விநாடி குறையும், அவ்வளவுதான். ஐம்பதுக்கு மேல் அந்த வீச்சை முழு ஆழத்தில் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை, பாதி இறங்கி முதுகைக் குனியாமல் வீசினாலும் கம்பு அதே இடத்துக்குப் போகும்.

14. செய்சா, சம்மணம், இந்தியன் டாய்லெட் எல்லாம் விட்டுடணுமா?

வீக்கம் இருக்கும்போது ஆம். மற்ற நேரத்தில் அடியோடு விடாதீர்கள், மடக்குவதை விட்டால் மடங்காமலே போகும். செய்சாவில் (மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காருவது) குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் நடுவே மடித்த துண்டு வைத்து இரண்டு நிமிடத்துக்குள் எழுந்துவிடுங்கள். எழும்போது நேராக எழுங்கள், ஒருபக்கமாகச் சாய்ந்து கால் மேல் திரும்பாதீர்கள். டாய்லெட்டில் பிடித்து எழச் சுவரில் ஒரு கைப்பிடி அடிக்கச் சொல்லுங்கள், பிளம்பருக்கு அரை மணி நேர வேலை.

15. நீ கேப் போட்டா போதாதா?

துணி நீ கேப் வெப்பமும் தைரியமும் தரும், சுழற்சியைத் தடுக்காது. வகுப்பில் மட்டும் போடுங்கள், நாள் முழுக்க வேண்டாம். பக்கத்தில் உலோகக் கீல் வைத்த பிரேஸ் உள்பக்க நார் காயத்துக்கும் நழுவும் முட்டிக்கும் மருத்துவர் சொன்னால் மட்டும். ஜோடிப் பயிற்சியில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் எதிராளிக்குத்தான் காயம்.

16. ஊசி போட்டா சரியாகும்கிறாங்க. எந்த ஊசி? குளுக்கோசமைன் மாத்திரை?

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். கொதிக்கும் முட்டியை அடக்கிப் பயிற்சி தொடங்க ஒருமுறை போடலாம். வழக்கமாக்கக் கூடாது. 2017-இல் வெளியான ஆய்வில் 140 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் ஸ்டீராய்டும், மறுபாதிக்கு உப்புநீரும் போட்டார்கள். வலியில் வித்தியாசமில்லை, ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்து கூடுதலாகத் தேய்ந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு எகிறும், தினமும் பாருங்கள்.

சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். தேய்மான முட்டிக்கு ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்து பார்த்ததில் (2021) உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. குளுக்கோசமைனையும் 1,583 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள் (2006). மொத்தத்தில் வெற்று மாத்திரைக்கு மேல் பயன் தெரியவில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் நான்கு தடவை போகலாம்.

17. நாளைக்கு கிரேடிங். வலி மாத்திரை போட்டுக்கிட்டுப் போயிடவா?

மாத்திரை வலியை மறைக்கும், வலி சொல்ல வந்த சேதியையும் சேர்த்து மறைக்கும். வீக்கம் இருக்கும் முட்டியோடு போகாதீர்கள், அடுத்த கிரேடிங் (பெல்ட் தேர்வு) வராமலா போகும்? டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகளைச் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாமாக வாங்கிப் போடக் கூடாது. மேலே தடவும் ஜெல் முட்டிக்கு நன்றாகவே வேலை செய்யும், பக்கவிளைவும் குறைவு.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் தசைநாணைப் பலவீனமாக்கும். அறுபதைத் தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். குதிகால் நாண்தான் பெரும்பாலும் மாட்டும், முட்டியும் தப்பாது. அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் பிறகு சில வாரமும் குதிப்பதை நிறுத்துங்கள்.

18. எடை குறைச்சா முட்டிக்கு நல்லதா?

நல்லது, நினைப்பதைவிட அதிகமாக. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் தசையும் போகும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்கள் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதம் என்று கணக்கு வையுங்கள். 70 கிலோ ஆளுக்கு 84 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் உண்டு. இரண்டு இட்லியும் சாம்பாரும் என்று காலையை முடிப்பவர்கள் பாதிக்கூட எட்டுவதில்லை. மாலையில் சுண்டலும் இரவில் முட்டையோ மீனோ பனீரோ சேருங்கள்.

19. திரும்ப குமிதே எப்போ?

நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீக்கமில்லை, முழுக்க நீட்டவும் மடக்கவும் முடிகிறது, 9-ஆம் பதிலின் நாற்காலிப் பயிற்சியை ஒற்றைக் காலில் செய்தால் அடிபட்ட கால் நல்ல காலின் எண்ணிக்கையில் 90 சதவீதத்தை எட்டுகிறது, ஒற்றைக் காலில் முன்னே தாண்டும் தூரமும் அதே அளவு. நான்கும் சேர்ந்தால்தான் தயார். ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதோடு குறைந்தது ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் திரும்பியவர்களுக்கு மறுபடி அடிபடுவது அதிகம் என்று நார்வே ஆய்வு காட்டியது.

திரும்பும் வரிசை: நேர்கோட்டு அடிப்படைகள், உயர்ந்த நிலையில் கட்டா, பேடில் தாழ்ந்த நேர் உதை, பிறகு சுழல் உதை, சொல்லிவைத்த ஜோடிப் பயிற்சி, கடைசியில்தான் சுதந்திரச் சண்டை. ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம். ஜோடியைத் தேர்ந்தெடுங்கள், இருபது வயது ஆர்வக்கோளாறு வேண்டாம். கால்களால் கத்திரிபோல் பின்னி வீழ்த்தும் கனி பசாமியை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். 1980 அனைத்து ஜப்பான் ஜூடோ போட்டியில் ஜப்பானிய ஜூடோ வீரர் யமாஷிதாவின் கால் எலும்பு அதில்தான் உடைந்தது. ஜூடோ போட்டிகளில் இன்று அது தடை.

20. முட்டி மாற்று ஆபரேஷன் ஆன அப்பா, மறுபடி கம்பு சுத்தணும்கிறார்.

சுற்றட்டும், நிபந்தனைகளோடு. அறுவை செய்த மருத்துவரின் ஒப்புதலோடு, வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, நின்ற நிலையில் கம்பு சுற்றலாம், மெதுவாகக் காலடி வைக்கலாம். மாற்று முட்டி பொதுவாக 110 முதல் 125 டிகிரி வரைதான் மடியும், ஆகவே குந்தி வீசுவதும் சம்மணமும் கிடையாது. குதிப்பது, ஊன்றிய காலில் வேகமாகத் திரும்புவது, ஜோடிச் சண்டை மூன்றும் வேண்டாம். உலோகத்துக்கு நடுவே உள்ள பாலிஎத்திலீன் தகடு தேய்வதைவிடப் பெரிய பயம் விழுவதுதான். பொருத்திய உலோகத்தைச் சுற்றி எலும்பு உடைந்தால் சரிசெய்வது கடினம்.

அதனால் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: சமதளமான காய்ந்த தரை, நல்ல வெளிச்சம், சுற்றிலும் கம்பின் நீளத்துக்கு மேல் காலியிடம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சுவர். ஈரமான நாளில் வேண்டாம். ஐந்தடிக் கம்புக்குப் பதில் எடை குறைந்த பிரம்பில் ஆரம்பிக்கட்டும். புதிதாகத் தையல் போட்ட இடம் சிவந்தாலோ, கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே அறுவை செய்தவரிடம் காட்டுங்கள். பக்கத்து மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தால் உள்ளே உள்ள கிருமியைக் கண்டுபிடிப்பது சிக்கலாகிவிடும்.